ஐந்து கோடு

அந்தோஃபகாஸ்தா
ஏப்ரல் 14

என் அன்பு ரொசெண்டாவுக்கு,

நானும் என் புருஷன் லாசரோவும் நலம். அவனுடைய முதுகுவலி கொஞ்சம் தேவலை, மீன்துறைக்கு நடந்தே போய் வருகிறான். நேற்றுக் காலை இங்கே நிலம் நன்றாகவே ஆடியது. அலமாரியில் இருந்த கோப்பைகள் மட்டும்தான் பயந்தன, நாங்கள் டீயைக் குடித்து முடித்தோம். உன் மகள் மிலாராயின் பல் விழுந்த படம் வந்து சேர்ந்தது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். அவளுடைய ஞானத்தாய் நான் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்ததாகச் சொல்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறாய். காகிதத்திடம் அதெல்லாம் நடக்காது. தெற்கே போகும் பேருந்தில் நம் ஆட்கள் யாரிடமாவது கொடுத்துவிட்டால் உன் கைக்கே வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். டிப்போ சுவரில் ஒரு புது உத்தரவு ஒட்டியிருக்கிறார்கள். கீழே உன் கையெழுத்து.

நீ ஸ்டீயரிங்கை விட்டு சாந்தியாகோ அலுவலகத்துக்குப் போனபோது இந்தப் புது பஸ்கள் வரவில்லை, அதனால் சொல்கிறேன். முகப்பில் ரேடார் இருக்கிறது. வேகத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், முன்னால் போகிற வண்டியைப் பார்த்து பஸ் தானே மெதுவாகும், தானே வேகம் பிடிக்கும். எனக்கு இந்தக் கருவி மேல் ஒரு வருத்தமும் இல்லை. என் வலது முழங்கால் அதற்குக் கோயில் கட்டும். முன்வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான். அழுத்தினால் திரையில் கோடுகள் கூடும், குறையும். ஒரு கோடு வைத்தால் முன்னால் இருப்பவன் முதுகில் தொற்றிக்கொண்டு போகிற மாதிரி. ஐந்து வைத்தால் மூச்சுவிட இடம் இருக்கும்.

நான் ஐந்து வைத்து ஓட்டுகிறேன். ‘அனைவரும் இரண்டு வைக்க வேண்டும்’ என்கிறது உன் உத்தரவு.

உனக்குத் தெரியாத சாலையா? கடலோரத்திலிருந்து ஏறும் அந்த மலைச்சரிவு, உச்சியில் கமன்சாக்கா மூடுபனி, முன்னால் எப்போதும் ஒரு ஆசிட் டேங்கர். பஸ் நிறைய சுரங்கத் தொழிலாளிகள், பாதிப்பேர் வாய்திறந்து தூங்குகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ரேடார் நன்றாகப் பிடிக்கும். வழியில் நின்று கிடக்கிற வண்டியைச் சில நேரம் கண்டுகொள்ளாது. பயிற்சி கொடுக்க வந்தவரே இதை வாய்விட்டுச் சொன்னார். அப்படி ஒரு நேரத்தில் என் கால் வேலை செய்ய வேண்டும், காலுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத்தான் உன் உத்தரவு பறிக்கிறது.

டிப்போ மேற்பார்வையாளர் நொல்பெர்த்தோவை உனக்கு ஞாபகம் இருக்கும். தொப்பை இன்னும் வளர்ந்திருக்கிறது. என்னை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டான்.

“ஏம்மா யாஸ்னா, நீ இவ்வளவு இடம் விட்டா ஊர்ல இருக்கிற பிக்கப் வண்டி அத்தனையும் உள்ள பூந்துருது. நீ மெதுவாகுற. லேட்டாகுது. அங்க ஷிஃப்டு முடிச்சவன் மலைய விட்டு இறங்க முடியாம கத்துறான். சுரங்கத்துக்காரன் என் காதைத் திருகுறான்.”

“பூந்தா பூரட்டும். மறுபடி இடம் விடுவேன்.”

“மறுபடி ஒருத்தன் பூருவான்.”

“மறுபடி விடுவேன்.”

“அப்ப எப்பத்தான் போய்ச் சேருவ?”

“எல்லாரும் உசுரோட போய்ச் சேருவோம். அது போதாதா?”

பயணிகளும் என் பக்கம் இல்லை. பப்ரிசியானோ என்று ஒரு வெல்டர், முன் சீட்டுக்காரன், வாய் ஓயாது. நான் ஏறினதும், “ஆமை வந்திருச்சுடா, தலையணை எடுத்துக்கோ!” என்று கூவுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு ஐந்தாவது கோட்டை வைக்கிறேன்.

ஒன்றுதான் தெரியவேண்டும். அந்த உத்தரவை நீயாகத்தான் எழுதினாயா?

முத்தங்களுடன்,
உன் யாஸ்னா


சாந்தியாகோ
ஏப்ரல் 27

என் கோபக்காரத் தோழி யாஸ்னாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். மிலாராய் பக்கத்தில் இருந்தாள். “ஞானம்மா ஏம்மா கத்துறாங்க?” என்று கேட்டாள். உன் எழுத்து அவ்வளவு பெரிதாக இருக்கிறது. லாசரோவைத் தினமும் அந்தப் பயிற்சியைச் செய்யச் சொல். விட்டான் என்றால் முதுகு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

நானாகத்தான் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

நான் சொல்வதையும் கேள். பெரிய இடைவெளி விட்டால் பிக்கப்காரன் குறுக்கே நுழைகிறான். ஒவ்வொரு நுழைவும் ஓர் ஆபத்து. கருவி திடுக்கென்று பிரேக் பிடிக்கிறது, பின்னால் வருகிறவன் நம் முதுகில் மோதப் பார்க்கிறான். இரண்டு கோடு வைத்தால் நுழைய இடமே இருக்காது. பஸ் தயாரித்தவர்களின் கையேடும் இரண்டை அனுமதிக்கிறது. நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவள் யாஸ்னா, மேசையிலேயே பிறந்தவள் இல்லை.

உன் மீதே ஒரு புகார் வந்திருக்கிறது. பிக்கப் ஒன்று குறுக்கே பாய்ந்து, உன் பஸ் திடுக்கென்று நின்றதில் ஒருவர் மடியில் சுடுடீ கொட்டிவிட்டதாம். கையெழுத்து: பப்ரிசியானோ. உன் வெல்டர்தான்.

இன்னொன்றும் யோசி. நாம் தாமதமானால் சுரங்கம் ஒப்பந்தத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர்களிடம் இருப்பவை பழைய பஸ்கள், ரேடாரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அப்போது அந்தத் தொழிலாளிகளுக்கு இரண்டு கோடுகூட மிஞ்சாது.

நீயும் நானும் ஒன்றாகத்தான் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்தோம். பெண்களுக்கென்று கழிவறை இல்லாமல் பெட்ரோல் பங்குக்கு ஓடினோமே. இன்று பாதுகாப்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் முதல் பெண் நான். நான் பேச ஆரம்பித்தால் நான்கு ஆண்கள் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். உன்னைப் போல் கத்திவிட்டு எழுந்து போகிற வசதி எனக்கு இல்லை. மெதுவாகத்தான் நகர்த்த முடியும்.

தயவுசெய்து இரண்டு வை. எனக்காக.

அன்புடன்,
ரொசெண்டா


அந்தோஃபகாஸ்தா
மே 19

அன்பு ரொசெண்டா,

நானாகத்தான் எழுதினேன் என்று நேராகச் சொன்னாயே, அதற்கு நன்றி. பொய் சொல்லியிருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

டீ கொட்டியது உண்மை. பிக்கப்காரன் சிக்னல்கூடப் போடாமல் பாய்ந்தான், பஸ் அழுத்திப் பிடித்தது, பப்ரிசியானோ மடியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். வழி முழுக்க மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இரண்டு கோடு வைத்திருந்தால் அந்தப் பிக்கப்காரன் நுழைந்திருக்க மாட்டான் என்கிறாயே, இந்த ஊர்ப் பிக்கப்காரர்களை நீ அதற்குள் மறந்துவிட்டாயா? கதவு அகலம் கிடைத்தாலும் மூக்கை விடுவார்கள். அப்போது மடியில் விழுவது டீயாக இருக்காது.

இனி நடந்ததைக் கேள். நான் ஐந்தை விடவில்லை என்று கண்டதும், நொல்பெர்த்தோ பணிமனை மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவர் கணினியைச் சொருகி எல்லாப் பஸ்ஸிலும் பொத்தானைப் பூட்டிவிட்டார். இப்போது அழுத்தினால் அசையாது. இரண்டு கோடு, அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் கருவியையே அணைத்துவிட்டேன். பழைய மாதிரி, என் கண், என் கால். மூடுபனியில் டேங்கருக்குப் பின்னால் எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விட்டு ஓட்டினேன். கொஞ்சம் லேட்டுதான். ஒருவர் மடியிலும் ஒன்றும் கொட்டவில்லை.

அணைத்தால் அலுவலகத்துக்குத் தகவல் போய்விடுமாம். நான் திரும்பி வருவதற்குள் நொல்பெர்த்தோ வாசலில் நின்றான்.

“யார் கேட்டு ஆஃப் பண்ண?”

“யார் கேட்டு நீங்க பூட்டுனீங்க?”

“மேலேயிருந்து வந்த உத்தரவு.”

“மேல இருக்கிறவங்களை ஒரு நாள் என் பஸ்ஸுல ஏறச் சொல்லுங்க. முன் சீட்டு குடுக்குறேன். டிக்கெட்டும் வேணாம்.”

“வாய் ஜாஸ்தியாயிருச்சு உனக்கு.”

“வாயி அப்படியேதான் இருக்கு. நீங்க இப்பத்தான் கேக்குறீங்க.”

சாவியை வாங்கிக்கொண்டான். இப்போது நான் பஸ் கழுவுகிறேன். ஆமாம், கழுவுகிறேன். ரப்பர் பூட்ஸ், தண்ணீர்க் குழாய், பிரஷ். என் பஸ்ஸை இப்போது ஓஸ்மான் ஓட்டுகிறான், நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பவன். மாலையில் அது திரும்பி வந்ததும் முகப்பை நான்தான் துடைக்கிறேன். ரேடார் மேல் உப்பும் புழுதியும் எப்படி அப்பிக்கொண்டு வருகிறது என்று உனக்குத் தெரியுமா? கண்ணில் மண் விழுந்தவனிடம் வழி கேட்கிறாய்.

உனக்காக இரண்டு வைக்கச் சொன்னாய். உனக்காக நான் எதையும் செய்வேன். ஆனால் அது நான் தருவதற்கு என்னுடையது இல்லையே. பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுடையது.

குழாயடியிலிருந்து,
யாஸ்னா


சாந்தியாகோ
மே 30

யாஸ்னா,

சுருக்கமாக எழுதுகிறேன். உன்னைக் கழுவுமிடத்துக்கு அனுப்பியது எனக்குத் தெரியாது. தெரிந்ததும் நொல்பெர்த்தோவை அழைத்துச் சத்தம் போட்டேன். அவன் பதிலுக்கு, “அணைச்சது விதிமீறல்தானே, மேடம்?” என்றான். மேடம் என்கிறான் என்னை. ஒரு காலத்தில் அவன் சட்டைப் பொத்தானை நான்தானே தைத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் பேசாமல் இரு. கெஞ்சுகிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று கோடு கேட்கப் போகிறேன். நீ இப்போது சத்தம் போட்டால், ‘பார், தோழிக்காகப் பேசுகிறாள்’ என்று சொல்லி என்னையும் உட்காரவைத்துவிடுவார்கள்.

மிலாராய் உனக்கு ஒரு பஸ் வரைந்திருக்கிறாள். ஓட்டுநர் பஸ்ஸைவிடப் பெரிதாக இருக்கிறார். உள்ளே வைத்திருக்கிறேன்.

ரொசெண்டா


அந்தோஃபகாஸ்தா
ஜூன் 24

அன்பு ரொசெண்டா,

படத்தில் எனக்கு மீசை இருக்கிறது. லாசரோ இரண்டு நாளாகச் சிரிக்கிறான்.

பேசாமல்தான் இருந்தேன். உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு பஸ் கழுவினேன். ஆனால் மற்றவர்கள் வாயை நான் மூட முடியாது.

இந்நேரம் உனக்குச் செய்தி வந்திருக்கும். அது நொல்பெர்த்தோவின் வாய்ச்செய்தியாக இருக்கும். நான் கேட்டதைச் சொல்கிறேன். அங்கே இருந்த பப்ரிசியானோவே எல்லாம் நடந்த பிறகு ஒரு பிற்பகல் என் வீட்டுக்கு வந்து சொன்னான். கையில் சுடச்சுட ரொட்டிப் பொட்டலம். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினான்.

“அக்கா, உங்களை ஆமைன்னு சொன்னது நான்தான். புகார் எழுதினதும் நான்தான்.”

“தெரியும்டா. உள்ள வா, வெண்ணெய்ப்பழம் இருக்கு, ரொட்டில தடவிச் சாப்பிடலாம்.”

உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “அன்னிக்கு மலை மேல செம மூடுபனி அக்கா. நான் எப்பவும் போல முன் சீட்டு. கண்ணாடி முழுக்க ஆசிட் டேங்கர்தான். பின்னாடி ஒரு படம் ஒட்டியிருப்பான் பாருங்க, கை மேல சொட்டுச் சொட்டா ஊத்துற மாதிரி. அந்தக் கையில எத்தனை விரல் இருக்குன்னு எண்ணிட்டேன். ஓஸ்மான்கிட்ட, தள்ளிப் போப்பான்னேன். ‘பொத்தானைப் பூட்டிட்டாங்கண்ணே’ங்கிறான். அணைச்சிருடான்னேன். ‘அணைச்சா யாஸ்னாக்கா மாதிரி பஸ் கழுவணும், எனக்குப் பொண்டாட்டி மாசமா இருக்கா’ங்கிறான். அவன் மேல தப்பில்ல. அப்ப டேங்கர்க்காரன் திடீர்னு வேகம் குறைச்சான். எங்க பஸ்ஸும் குறைச்சுது, இல்லைன்னு சொல்லல. ஆனா நின்னப்ப அந்தப் படத்தை நான் நாக்கால தொட்டிருக்கலாம். தூங்கினவன் எல்லாம் முழிச்சுட்டான். அப்புறம் சுரங்கம் போற வரைக்கும் ஒருத்தனும் கண்ணை மூடல.”

மறுநாள் காலை ஏறுமிடத்தில் ஓஸ்மான் கதவைத் திறந்தால், ஒருவரும் ஏறவில்லை. நடைபாதையில் வரிசையாக நிற்கிறார்கள். சுரங்கச் சமையற்கூடத்து அம்மாள் ஒருத்தி மடக்கு நாற்காலியே கொண்டுவந்துவிட்டாளாம். நொல்பெர்த்தோ வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான்.

“ஏறுங்கய்யா, ஷிஃப்டு போயிரும்!”

“அஞ்சு கோடு போடு, ஏறுறோம்,” என்றாளாம் நாற்காலி அம்மாள்.

“உங்களுக்கு என்னம்மா தெரியும் கோட்டைப் பத்தி?”

“எனக்கு என் புள்ளைங்களத் தெரியும். அது போதும். போடுறியா, இல்ல நான் இங்கயே காய் நறுக்கட்டுமா?”

அன்று அந்தப் பஸ் காலியாகத்தான் மலை ஏறியது. அடுத்த நாள் மற்ற இரண்டு பஸ்களிலும் அதே கதை.

“முன்னாடியே ஏன்டா என்கிட்ட சொல்லல?” என்று பப்ரிசியானோவைக் கேட்டேன். “சொன்னா உங்களத்தான் புடிப்பாங்கன்னு சொல்லல அக்கா,” என்றான். சொல்லாமலே பிடித்தார்கள். தூண்டிவிட்டது நான்தான் என்று நொல்பெர்த்தோ எழுதி அனுப்பியிருக்கிறான்.

நான் தூண்டவில்லை. ஆனால் கேட்டபோது வயிறு குலுங்கச் சிரித்தேன். விசாரணைக்கு வருகிறவர்கள் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

உன்,
யாஸ்னா


சாந்தியாகோ
ஜூலை 20

யாஸ்னா,

விசாரணைக்கு வந்தது நான்தான். உன்னிடம் சொல்லாமல் வந்தேன். சொன்னால் உன் வீட்டில்தான் தங்கச் சொல்வாய், பிறகு நான் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

விசாரணைக்கு ஆள் வருகிறது என்றதும் பயணிகள் மறுபடி ஏற ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு நானும் ஓஸ்மானின் பஸ்ஸில் ஏறினேன். பப்ரிசியானோ எழுந்து முன் சீட்டைக் கொடுத்தான். “மேலிடத்துக்குன்னே வெச்சிருந்தோம், உக்காருங்க மேடம்,” என்றான். மூடுபனிக்குள் நுழைந்தோம். முன்னால் டேங்கர். நீ எழுதினபோது படித்தேன், அவன் சொன்னபோது கேட்டேன். உட்கார்ந்து பார்ப்பது வேறு. பிரேக்கே இல்லாத இடத்தில் என் வலது கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டே இருந்தது. நான் எழுதிய உத்தரவு அது.

திரும்பி வந்து கூட்டத்தில் சண்டை போட்டேன். இந்த முறை யாரும் போனை எடுக்கவில்லை. வென்றேன் யாஸ்னா. பூட்டை எடுக்கிறார்கள். மூன்றுக்குக் கீழே யாரும் வைக்கக் கூடாது, அதற்கு மேல் ஓட்டுநர் இஷ்டம். தாமதத்துக்காக ஓட்டுநரைத் தண்டிக்கவும் கூடாது. இது உன்னுடைய வெற்றி.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

பயணிகள் ஏற மறுத்ததால் கம்பெனி இறங்கி வந்தது என்று தெரியக் கூடாதாம். யாராவது ஒருவர் தண்டிக்கப்பட்டதாகத் தெரிய வேண்டுமாம். ஒரு பெயர் கேட்டார்கள். நீ கருவியை அணைத்தது விதிமீறல்தான், அது பொய் இல்லை. உன் பெயரைக் கொடுத்தேன். வேலைநீக்கக் கடிதம் இந்த வாரம் வரும்.

ஒரு பெயருக்குப் பதிலாக மூன்று பஸ் நிறைய ஆட்கள். நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

இது நிரந்தரம் இல்லை. சில மாதம் கழித்து, நடந்ததற்கு வருந்துகிறேன் என்று நீ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அந்தப் பயணத்தில் உன் தெருமுனை வரை வந்தேன். லாசரோ வாசலில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

ரொசெண்டா


அந்தோஃபகாஸ்தா
ஆகஸ்ட் 2

ரொசெண்டா,

கடிதம் வந்தது. கம்பெனிக் கடிதமும் வந்தது. இரண்டும் ஒரே நாளில்.

நீ பேசிய பேரம் நல்ல பேரம். அதை நான் மறுக்கவில்லை. நேற்று ஓஸ்மான் வந்து, நான்கு கோடு வைத்து மலை ஏறினேன் என்று சொல்லிவிட்டுப் போனான். குழந்தை பிறந்தால் எனக்குத்தான் முதலில் காட்டுவானாம். அது போதும் எனக்கு.

ஆனால் உன்னிடம் போன் இருக்கிறது. என் எண் உனக்கு மனப்பாடம். “யாஸ்னா, உன் வேலை போகும், பூட்டு திறக்கும், என்ன சொல்கிறாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ கேள்வியை முடிப்பதற்குள் சரி என்று சொல்லியிருப்பேன். நான் கொடுத்திருப்பேன் ரொசெண்டா. நீ எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொண்ட பிறகு, ‘உன் வெற்றி’ என்று என் கையிலேயே திணிக்கிறாய்.

உன் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டாய். பெயர் கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருப்பேன். உத்தரவில் இருந்த கையெழுத்து யாருடையது?

அந்த வருத்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய், பிழையே இல்லை. நான் வருந்தவில்லை என்பது ஒன்றுதான் அதில் பிழை. நாளைக்கே மூடுபனியில் பொத்தானைப் பூட்டி என்னை உட்காரவைத்தால், நாளைக்கும் அணைப்பேன். கையெழுத்து வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தின் கீழே இருக்கிறது, எடுத்துக்கொள்.

நான் இப்போது நகர பஸ் ஓட்டுகிறேன். கடற்கரைச் சாலையில், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே. ரேடார் இல்லை, குளிர்சாதனம் இல்லை, கதவு பாதி மூடும். பள்ளிப் பிள்ளைகள் பின்னால் ஏறிக் காசு கொடுக்காமல் இறங்குகிறார்கள். பிழைப்பு ஓடுகிறது. ஆனால் கம்பெனியை விடுவதாக இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ‘பயணிகள் உயிருக்கு ஆபத்து விளைவித்தார்’ என்று என் வேலைநீக்கக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. நான்! அந்த வரியோடு நான் வாழமாட்டேன்.

ஆகஸ்ட் 26 விசாரணை. விசாரித்தவள் நீ என்பதால் உன்னைத்தான் கம்பெனி அனுப்பும். நீ வக்கீலுக்குப் பக்கத்தில் உட்காருவாய். நான் எதிரே உட்காருவேன், லாசரோ இஸ்திரி போட்ட சட்டையோடு. உன்னிடம் எதையும் கேட்க மாட்டேன், பழைய கதையை எடுக்க மாட்டேன், அழமாட்டேன். அந்த முன் சீட்டில் உன் கால் என்ன செய்தது என்று அங்கே சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

அதுவரை எனக்கு எழுதாதே.

யாஸ்னா கரவாஹல்


அந்தோஃபகாஸ்தா
ஆகஸ்ட் 30

ரொசெண்டா,

விசாரணை முடிந்ததும் விமானத்துக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டாய். மாடிப்படியில் உன்னைத் துரத்தினேன். என் முழங்காலை வைத்துக்கொண்டு உன்னைப் பிடிக்க முடியுமா?

நீ பேசியதை லாசரோவுக்கு நடித்துக் காட்டினேன். மூன்று முறை கேட்டான். அந்த வக்கீல் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, “உங்க அறிக்கைப்படி ஓட்டுநர் விதியை மீறினாங்க, சரிதானே மேடம்?” என்று கேட்டதும், நீ, “மீறினாங்க. அந்த விதியை எழுதினது நான். அவங்க மீறினதுனாலதான் இன்னிக்கு யாரையும் புதைக்காம இங்க உக்காந்து பேசிட்டிருக்கோம்,” என்றாய் அல்லவா? அப்போது அவர் முகம் போன போக்கை உன்னால் பார்த்திருக்க முடியாது, நீ பக்கத்தில் இருந்தாய். எதிரே இருந்த நான் முழுதாகப் பார்த்தேன். தவறவிட்ட பஸ்ஸைப் பார்க்கிறவனுடைய முகம். அப்புறம், முன் சீட்டில் உன் கால் தரையை அழுத்தியதையும் சொன்னாய். தண்ணீர் கேட்டாய். தொழிலாளர் அலுவலக அதிகாரியம்மாள் தன் கோப்பையையே உன் பக்கம் நகர்த்தினாள்.

முடிவு நேற்று வந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போவதைக் கம்பெனி விரும்பவில்லையாம். வேலைநீக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அந்த வரியும் போயிற்று. திங்கட்கிழமை என் பஸ்ஸில் ஏறுகிறேன். நொல்பெர்த்தோ சாவியை நீட்டியபோது, “வாங்கம்மா,” என்றான். ‘ஏம்மா’ போய் ‘வாங்கம்மா’ வந்திருக்கிறது.

உன் மேசை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். உன் ஓட்டுநர் உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், வருஷா வருஷம் புதுப்பித்துவிட்டு என்னிடம் பெருமையடிப்பாயே. இங்கே ஆள் தேவைப்படுகிறது. பெண்களுக்குக் கழிவறைகூடக் கட்டிவிட்டார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. அதற்கு அடுத்த சண்டையை இரண்டு பேருமாகப் போடலாம்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி தேசிய விடுமுறைக்கு மிலாராயைக் கூட்டிக்கொண்டு வா. லாசரோ மாவுக்குள் இறைச்சி வைத்து எம்பனாதா சுடுகிறான், பப்ரிசியானோ கிடாரோடு வருவதாக மிரட்டியிருக்கிறான்.

என் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ வா.

யாஸ்னா